படைத்துறை இணையரின் வசிப்பிடமும் வரிப் பொறுப்பும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சட்ட விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

படைப்பணியில் இருப்போர் ஆணையின் பேரில் ஊர் மாறுகின்றனர். அவர்களுடன் சேர்ந்து வாழ விரும்பும் துணைவரும் ஊர் மாற நேர்கிறது. இவ்வாறு இடம்பெயரும் இணையர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்னும் வினாவுக்கு இந்தியச் சட்டங்கள் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. வருமான வரிச் சட்டம் பொதுவாக நாட்டளவில் மட்டுமே வசிப்பைக் கணக்கிடுகிறது; சில பிரிவுகளில் மட்டும் மாநிலமோ வட்டாரமோ குறுக்கிடுகிறது. தொழில் வரி பணிபுரியும் இடத்தைப் பார்க்கிறது. தேர்தல் சட்டமோ, படைப்பணி இல்லையெனில் ஒருவர் எங்கு வசித்திருப்பாரோ அதையே அவரது வசிப்பிடமாகக் கொள்கிறது. தாம்பரம் வட்டாரத்தில் பணியாற்றும் படைத்துறை இணையரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது. தேர்தல் சட்டம் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பை வரிச் சட்டமும் ஓர் எல்லைக்குள் ஏற்க வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வசிப்பிடம், நிரந்தர வாழிடம், படைத்துறை இணையர், வருமான வரி, தொழில் வரி, பட்டியல் பழங்குடியினர், தாம்பரம்.

முன்னுரை

அமெரிக்காவில் மாநிலங்கள் தனித்தனியே வருமான வரி விதிக்கின்றன. ஆகவே ஒரு மாநிலத்தைச் சேர்ந்த படைவீரர் மற்றொரு மாநிலத்திலுள்ள தளத்துக்கு மாற்றப்படும்போது, எந்த மாநிலத்துக்கு வரி செலுத்துவது என்னும் சிக்கல் அங்கு நெடுங்காலமாக இருந்து வருகிறது. இந்தியாவில் மாநில வருமான வரி இல்லை. ஆதலால் இச்சிக்கல் இங்கு எழாது என்று கருதுவது இயல்பு. அக்கருத்து பெரும்பான்மைச் சூழல்களுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எங்கெங்கு பொருந்தாது என்பதையும், அவ்விடங்களில் படைவீரரும் துணைவரும் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கட்டுரையில் ‘படைவீரர்’ என்னும் சொல் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்றிலும் பணியாற்றும் வீரர்களையும் அதிகாரிகளையும், ஆண் பெண் வேறுபாடின்றிக் குறிக்கும். ‘துணைவர்’ என்பது கணவர், மனைவி இருவருக்கும் பொதுவாக ஆளப்படுகிறது. ‘வசிப்பிடம்’ என்பது ஒருவர் உண்மையில் தங்கி வாழும் இடம். ‘நிரந்தர வாழிடம்’ என்பது நீதிமன்றங்களில் டொமிசைல் என வழங்குவது. வருமான வரிப் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சார்ந்தவை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இயற்றப்பட்டு, விலக்குகளைப் பெரும்பாலும் அட்டவணைகளுக்கு மாற்றி அமைத்துள்ளது. எனினும் தீர்ப்புகள் யாவும் பழைய எண்களைக் கொண்டே வழங்குவதால் அவையே இங்கு கையாளப்படுகின்றன.

1. தாம்பரம் வட்டாரமும் அதன் நிர்வாக எல்லைகளும்

தாம்பரம் வான்படைத் தளத்தில் விமானப் பயிற்றுநர் பள்ளியும் இயந்திரவியல் பயிற்சி நிலையமும் இயங்குகின்றன. சில கல் தொலைவில், பரங்கிமலையில், அதிகாரிகள் பயிற்சிக் கழகம் உள்ளது. 1963இல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் 1992 முதல் பெண்களும் அதிகாரிப் பயிற்சி பெறுகின்றனர். இவை பயிற்சி நிறுவனங்கள் ஆதலால், நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்தோர் குறுகிய காலத்துக்கு இங்கு வந்து தங்கிப் பின் வேறு தளங்களுக்குச் செல்கின்றனர். பயிற்றுநர்களும் நிலையப் பணியாளர்களும் சில ஆண்டுகள் குடும்பத்துடன் தங்குகின்றனர். கணவன் மனைவி இருவருமே படைப்பணியில் இருக்கும் இணையர் ஒரு வகை. ஒருவர் படைப்பணியிலும் மற்றவர் பள்ளி, மருத்துவமனை, தகவல் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவற்றிலும் பணிபுரியும் இணையர் மற்றொரு வகை.

இவ்வட்டாரத்தின் நிர்வாக எல்லைகளும் கருதத்தக்கவை. ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்லும்போது ஆலந்தூர், மீனம்பாக்கம் ஆகியன பெருநகர சென்னை மாநகராட்சியில் அடங்கும். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள படைக்குடியிருப்புப் பகுதிகள் 2006ஆம் ஆண்டின் கண்டோன்மெண்ட் சட்டத்தின் கீழ் தனி வாரியத்தால் நிர்வகிக்கப்படுகின்றன. அதற்கடுத்து 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவாக்கப்பட்ட தாம்பரம் மாநகராட்சி அமைகிறது. ஒரே சாலையில் வெவ்வேறு உள்ளாட்சி அமைப்புகளின் எல்லைகள் அடுத்தடுத்து வருவதால், ‘எந்த இடம்’ என்னும் வினா இங்கு மாநில அளவில் மட்டுமன்றி உள்ளாட்சி அளவிலும் பொருளுடையதாகிறது.

2. வருமான வரி விதிக்கும் அதிகாரம்

அரசமைப்பின் ஏழாம் அட்டவணை வரி விதிக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கிறது. வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 82ஆம் பதிவில் உள்ளது. வேளாண் வருமானத்தின்மீதான வரி மாநிலப் பட்டியலின் 46ஆம் பதிவிலும், தொழில், வணிகம், வேலை ஆகியவற்றின்மீதான வரி அதே பட்டியலின் 60ஆம் பதிவிலும் இடம்பெறுகின்றன. ஆதலால் சம்பளத்தின்மீதான வருமான வரியில் தமிழ்நாட்டுக்கோ நாகாலாந்துக்கோ தனி அதிகாரம் இல்லை.

மேலும், இந்திய வருமான வரி தனியாள் அடிப்படையிலானது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரே வருமான அறிக்கை அளிக்கும் முறை இங்கு இல்லை. ஒருவர் மற்றவருக்கு மாற்றிக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிடும் 64ஆம் பிரிவு போன்ற விதிகள் தவிர, இருவரும் வெவ்வேறு வரிசெலுத்துநர்களே. ஆகவே வசிப்பு நிலையும் இருவருக்கும் தனித்தனியாகவே தீர்மானிக்கப்படுகிறது. கணவரின் வசிப்பு மனைவிக்குத் தாமாகச் சென்று சேர்வதில்லை.

3. நாட்டளவிலான வசிப்பு: வெளிநாட்டுப் பணியமர்வு

ஆறாம் பிரிவின்படி, ஓர் ஆண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் அவ்வாண்டுக்கு இந்தியாவில் வசிப்பவர் ஆகிறார். அவ்வாண்டில் 60 நாள்களும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள்களும் இருந்தாலும் அந்நிலை ஏற்படும். வேலையின் பொருட்டு நாட்டை விட்டுச் செல்லும் இந்தியக் குடிமகனுக்கு, அவர் செல்லும் ஆண்டில், 60 நாள் என்பது 182 நாளாக உயர்த்திக் கணக்கிடப்படுகிறது.

தாம்பரத்திலிருந்து ஓர் அதிகாரி வெளிநாட்டுத் தூதரகப் பணிக்கு ஜூன் 30 அன்று துணைவருடன் புறப்படுகிறார் எனக் கொள்வோம். இருவரும் ஏப்ரல் 1 முதல் 91 நாள்கள் இந்தியாவில் இருந்துள்ளனர். வேலைக்காகச் செல்பவர் என்ற முறையில் அதிகாரிக்கு 182 நாள் அளவுகோல் பொருந்துவதால் அவர் அவ்வாண்டில் வசிக்காதவர் ஆகிறார். துணைவரோ வேலைக்காகச் செல்லவில்லை. குடும்பத்துடன் வாழச் செல்கிறார். ஆகவே அவருக்கு 60 நாள் அளவுகோலே பொருந்தி, அவர் அவ்வாண்டில் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். எஞ்சிய மாதங்களில் அவர் அந்நாட்டில் ஈட்டும் வருமானமும் இந்திய வரி வரம்புக்குள் வரும். ஒரே நாளில் ஒரே விமானத்தில் சென்ற இருவருக்கு இரு நிலைகள்.

அதிகாரியின் சம்பளத்தைப் பொறுத்தவரை இவ்வேறுபாட்டால் பயனில்லை. வெளிநாட்டில் ஆற்றும் பணிக்காக அரசு இந்தியக் குடிமகனுக்கு வழங்கும் சம்பளம் இந்தியாவில் தோன்றியதாகவே 9(1)(iii) பிரிவு கொள்கிறது. அங்கு வழங்கப்படும் படிகளுக்கு மட்டும் 10(7) பிரிவு விலக்களிக்கிறது. ஆக, வசிப்பு நிலையின் உண்மையான விளைவு துணைவர் மீதே விழுகிறது. படைவீரரின் இடமாற்றத்தைக் கவனத்தில் கொள்ளும் சட்டம், அதே இடமாற்றத்தால் நகரும் துணைவரைக் கவனிக்கத் தவறும் போக்கு இங்கு முதன்முறையாகத் தென்படுகிறது.

4. வருமான வரியில் மாநிலம் குறுக்கிடும் மூன்று இடங்கள்

நாட்டுக்குள்ளே ஒருவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார், எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பது பொதுவாக வருமான வரிக்குத் தேவையற்றது. எனினும் மூன்று பிரிவுகள் இதற்கு விதிவிலக்காக நிற்கின்றன.

4.1 பட்டியல் பழங்குடியினருக்கான விலக்கு

பிரிவு 10(26) பட்டியல் பழங்குடியினர் ஒருவருக்கு வருமான வரி விலக்களிக்கிறது. அவர் அருணாசலப் பிரதேசம், மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய மாநிலங்களிலோ, ஆறாம் அட்டவணையில் குறிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளிலோ, லடாக் பகுதியிலோ ‘வசிக்க’ வேண்டும். விலக்குப் பெறும் வருமானம் அப்பகுதிகளில் உள்ள மூலத்திலிருந்து தோன்றியதாகவோ, பங்காதாயம் அல்லது கடன்பத்திர வட்டியாகவோ இருக்க வேண்டும். ஆகவே இவ்விலக்கு இரு பூட்டுகளைக் கொண்ட கதவு போன்றது: ஒன்று வசிப்பு, மற்றொன்று மூலம். ‘வசிக்கும்’ என்னும் சொல்லுக்கு இப்பிரிவில் நாள் கணக்கு இல்லை. அது ஒவ்வொருவரின் வாழ்நிலையைக் கொண்டே தீர்மானிக்கப்பட வேண்டியது.

நாகாலாந்தைச் சேர்ந்த பழங்குடி வான்படை வீரர் ஒருவர் தாம்பரத்தில் பணியமர்த்தப்பட்டுள்ளார் என்று கொள்வோம். அவருடைய சம்பளம் தாம்பரத்தில் ஆற்றும் பணிக்கானது; ஆகவே மூலம் என்னும் பூட்டு திறப்பதில்லை. கோஹிமாவில் அவருக்குச் சொந்தமான வீட்டின் வாடகையைப் பொறுத்தவரை மூலம் நாகாலாந்தே. ஆனால் அவர் தாம்பரத்தில் வசிப்பவர் எனத் தீர்மானிக்கப்பட்டால் வசிப்பு என்னும் பூட்டு திறக்காது. ஊரிலிருந்து வரும் வாடகைக்கும், பங்காதாயத்துக்கும்கூட விலக்கு இல்லாமல் போகும்.

அவருடைய மனைவியும் அதே பழங்குடியைச் சேர்ந்தவர்; கோஹிமாவில் ஆசிரியையாகப் பணிபுரிகிறார்; அவர் பெயரிலும் அங்கு வாடகை தரும் சொத்து உள்ளது எனக் கொள்வோம். அவர் கோஹிமாவிலேயே இருக்கும்வரை அவரது சம்பளமும் வாடகையும் விலக்குக்குரியவை. வேலையை விட்டுக் கணவருடன் சேலையூரில் குடியேறினால், சம்பளம் நிற்பதோடு வாடகைக்கான விலக்கும் கேள்விக்குள்ளாகும். இணையர் பிரிந்து வாழ்ந்தால் கிடைக்கும் சலுகை, சேர்ந்து வாழ்ந்தால் நழுவக்கூடும் என்பது இதன் நடைமுறைப் பொருள். குடிமைப் பணியிலுள்ள கணவன் மனைவியரை இயன்றவரை ஒரே இடத்தில் பணியமர்த்த வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறையின் 2009 செப்டம்பர் 30ஆம் நாள் குறிப்பாணை வலியுறுத்துகிறது. குடும்பம் சேர்ந்து வாழ்வதை அரசின் ஒரு துறை ஊக்குவிக்க, வரிச் சட்டம் அதற்கு எதிர்த்திசையில் செயற்படுவது முரணானது.

இப்பிரிவு தொடர்பான இரு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஈண்டு கருதத்தக்கன. முன்பு இவ்விலக்கிலிருந்து அரசுப் பணியாளர்கள் மட்டும் நீக்கப்பட்டிருந்தனர். எஸ்.கே. தத்தா எதிர் லாரன்ஸ் சிங் இங்டி வழக்கில் (1968) அந்நீக்கம் சமத்துவ உரிமைக்கு மாறானது என நீதிமன்றம் தள்ளியது. பின்னர் என். தாகின் ராய் ரிம்பாய் வழக்கில் (1976), வருமானம் குறித்த பகுதியில் தோன்றியிருக்க வேண்டும் என்னும் வரம்பு செல்லத்தக்கது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து நோக்கினால், மூலம் பற்றிய வரம்பு உறுதியானது என்பதும், அரசுப் பணியில் இருப்பது மட்டுமே விலக்கை மறுக்கக் காரணமாகாது என்பதும் தெளிவாகின்றன. ஆணையால் நேரும் இடமாற்றத்தை வசிப்பு மாற்றமாகக் கொண்டு ஊர் வாடகைக்கும் விலக்கை மறுப்பது, முதல் தீர்ப்பு நீக்கிய பாகுபாட்டை வேறு வழியில் மீண்டும் கொணர்வதாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

4.2 சிக்கிம் மக்களுக்கான விலக்கு

பிரிவு 10(26ஏஏஏ) சிக்கிமியர் ஒருவருக்குச் சிக்கிம் மாநிலத்திலுள்ள மூலத்திலிருந்து தோன்றும் வருமானத்துக்கும், பங்காதாயம், கடன்பத்திர வட்டி ஆகியவற்றுக்கும் விலக்களிக்கிறது. முந்தைய பிரிவுடன் ஒப்பிடுகையில் ஒரு சொல் இங்கு இல்லை: ‘வசிக்கும்’ என்னும் நிபந்தனை. ஆகவே தாம்பரத்தில் பணியாற்றும் சிக்கிமிய வீரர் தம் தளச் சம்பளத்துக்கு வரி செலுத்துவார். காங்டாக்கிலுள்ள வீட்டு வாடகைக்கு விலக்குப் பெறுவார். பணியிட மாற்றம் அவ்விலக்கைத் தொடுவதில்லை.

ஆனால் திருமணம் தொட்டது. 2008ஆம் ஆண்டில் இப்பிரிவு சேர்க்கப்பட்டபோது, 2008 ஏப்ரல் 1க்குப் பின் சிக்கிமியர் அல்லாத ஒருவரை மணக்கும் சிக்கிமியப் பெண்ணுக்கு இவ்விலக்கு இல்லை என்று விதிக்கப்பட்டது. அத்தகைய வரம்பு ஆணுக்கு விதிக்கப்படவில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த வீரரை மணந்த சிக்கிமியப் பெண் தம் பிறந்த ஊரின் வருமானத்துக்கும் வரி செலுத்த வேண்டியவரானார். வேற்று மாநிலப் பெண்ணை மணந்த சிக்கிமிய வீரருக்கு அந்நிலை இல்லை. சிக்கிம் பழைய குடியேறிகள் சங்கம் தொடுத்த வழக்கில், 2023 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விதியை அரசமைப்பின் 14, 15, 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது எனத் தள்ளியது. துணைவரின் வரிநிலையை மற்றவரின் அடையாளத்தோடு பிணைப்பது ஏற்கத்தக்கதன்று என்னும் கொள்கை இத்தீர்ப்பால் வலுப்பெற்றது.

4.3 கோவாவின் பொதுச் சொத்துடைமை

கோவாவிலும், தாத்ரா நகர் ஹவேலி, டாமன் டையூ பகுதிகளிலும் போர்த்துகீசிய உரிமையியல் சட்டத்தின் வழி கணவன் மனைவியர்க்குப் பொதுச் சொத்துடைமை முறை வழங்குகிறது. அம்முறைக்கு உட்பட்ட இணையரின் வருமானத்தைப் பிரிவு 5ஏ இருவருக்கும் சமமாகப் பகிர்கிறது. இதில் சம்பளம் மட்டும் சேராது. அது ஈட்டியவர்க்கே உரியது.

அம்முறைக்கு உட்பட்ட ஓர் அதிகாரி தாம்பரத்துக்கு மாற்றப்பட்டாலும் அவருடைய சம்பளம் முழுவதும் அவர் கணக்கிலும், வாடகை போன்ற பிற வருமானம் இருவர் கணக்கிலும் பாதிப்பாதியாக அமையும். இங்கு சட்டம் பார்ப்பது வசிப்பிடத்தை அன்று. இணையரை ஆளும் குடும்பச் சட்டத்தை. கோவாவை நிரந்தர வாழிடமாகக் கொண்டவரின் வாரிசுரிமைக்கு, சொத்து இந்தியாவில் எங்கிருந்தாலும், போர்த்துகீசியச் சட்டமே பொருந்தும் என்று ஜோஸ் பாலோ கூட்டின்ஹோ வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதும் இவ்வணுகுமுறைக்கு இயைந்ததே.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். சிக்கிம் விலக்கு அடையாளத்தையும், கோவாப் பகிர்வு குடும்பச் சட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. படை ஆணை இரண்டையும் மாற்ற இயலாது. பழங்குடி விலக்கு மட்டுமே வசிப்பை அடிப்படையாகக் கொண்டது. படை ஆணை மாற்றக்கூடியதும் வசிப்பை மட்டுமே. ஆகவே பாதுகாப்புத் தேவைப்படும் இடமும் அதுவே.

5. தொழில் வரி: பணியிடமே அளவுகோல்

மாநில வருமான வரிக்கு மிக அருகில் வரும் இந்திய வரி தொழில் வரியாகும். ஒருவரின் வருமானத்தைக் கொண்டே இது கணக்கிடப்படுகிறது. வருமானத்தின்மீதான வரி என்னும் காரணத்தால் இது செல்லாததாகாது என்று அரசமைப்பின் 276(1) உறுப்பு சிறப்பாகக் கூறவேண்டியிருந்தது. 1988இன் அறுபதாம் திருத்தத்தால் இதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் இதனை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன; ஆகவே அரையாண்டுக்கான உச்ச அளவு 1,250 ரூபாய். கண்டோன்மெண்ட் வாரியங்களும், அம்மாநில நகராட்சிகள் விதிக்கத்தக்க வரிகளை விதிக்கும் அதிகாரம் பெற்றவை.

தமிழ்நாட்டில் ஒன்றியத்தின் ஆயுதப் படையினர்க்குத் தொழில் வரியிலிருந்து விலக்கு உண்டு. இருவரும் படைப்பணியில் உள்ள இணையர் இருவருமே விலக்குப் பெறுவர். ஒருவர் மட்டும் படைப்பணியில் இருந்தால், தாம்பரத்தில் ஆசிரியராகவோ செவிலியராகவோ பணிபுரியும் துணைவருக்கு விலக்கு இல்லை. டெல்லி, ஹரியானா போன்ற தொழில் வரி இல்லாத இடங்களிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பத்தில், இடமாற்றத்தால் துணைவருக்கு மட்டும் புதியதொரு வரி ஏற்படுகிறது. தொழில் வரி விதிக்கும் மற்றொரு மாநிலத்திலிருந்து ஆண்டின் நடுவில் வந்தால் இரு மாநிலங்களிலும் செலுத்த நேரலாம்; உச்சவரம்பு ஒரு மாநிலத்துக்கோ ஓர் உள்ளாட்சி அமைப்புக்கோ செலுத்தும் தொகைக்கு உரியதேயன்றி, நாடு முழுமைக்கும் உரியதன்று. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தோர் செலுத்திய தொழில் வரியைச் சம்பளத்திலிருந்து கழிக்கவும் இயலாது.

இத்தொகை சிறியது. துணைவரும் அவ்வூரின் சாலை, குடிநீர், தெருவிளக்கு முதலியவற்றைப் பிறரைப் போலவே பயன்படுத்துகிறார். ஆகவே தொழில் வரியில் துணைவருக்கு விலக்கு வேண்டுவது வலுவான கோரிக்கையன்று. இங்கு கருதத்தக்கது தொகையைவிட அமைப்பே: விலக்கு படைவீரரின் பணியைச் சார்ந்தது, ஒரே ஆணையால் நகர்ந்த குடும்பத்தை அது ஓர் அலகாகக் காணவில்லை.

6. சட்டம் ஏற்கெனவே அறிந்த கருதுகோள்

ஆணையால் இடம்பெயர்ந்தவரை அவருடைய சொந்த ஊரினராகவே கருதும் முறை இந்தியச் சட்டத்துக்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20(3), படைப்பணித் தகுதி உடையவர் அப்பணி இல்லையெனில் எத்தொகுதியில் வழக்கமாக வசித்திருப்பாரோ அத்தொகுதியிலேயே வசிப்பவராகக் கருதப்படுவார் என்கிறது. வசிப்பிடம் குறித்து அவர் முறைப்படி அளிக்கும் உறுதிமொழி, மாறான சான்று இல்லாதவரை, சரியானதாக ஏற்கப்படும்.

துணைவருக்கும் இப்பாதுகாப்பு நீள்கிறது. பிரிவு 20(6)இன் பழைய வடிவில், வீரருடன் வசிக்கும் ‘மனைவி’ அவர் குறிப்பிட்ட தொகுதியில் வசிப்பவராகக் கருதப்பட்டார். பெண் அதிகாரிகளின் கணவர்க்கு அவ்வுரிமை இல்லை. பரங்கிமலையில் பெண்கள் அதிகாரிகளாக வெளிவரத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2021ஆம் ஆண்டின் தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம் ‘மனைவி’ என்பதற்குப் பதில் ‘துணைவர்’ எனப் பொருள்படும் சொல்லை இட்டது. அமைதி நிலையங்களில் பணியாற்றும் படையினர் விரும்பினால் பணியிடத்திலேயே பொது வாக்காளராகப் பதிவு செய்ய இடமளிக்குமாறு 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஆக, தாம்பரத்தில் பணியாற்றும் வீரர்க்குச் சொந்த ஊரா பணியிடமா என்னும் தெரிவும் கிட்டியுள்ளது.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் இக்கருத்து உண்டு. அரசின் குடிமை, தரைப்படை, கடற்படை, வான்படைப் பணியின் பொருட்டு ஓரிடத்தில் தங்குவதாலேயே ஒருவர் அங்கு நிலையாகக் குடியேறியவராகக் கருதப்படமாட்டார் என்று பத்தாம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. இவ்வதிகாரம் இந்துக்கள், இசுலாமியர், பௌத்தர், சீக்கியர், சமணர் முதலியோர்க்குப் பொருந்தாது. நிரந்தர வாழிடம் என்பது இந்தியா முழுமைக்கும் ஒன்றே என்று பிரதீப் ஜெயின் வழக்கில் (1984) உச்ச நீதிமன்றம் கருதியுள்ளது. எனவே மாநிலங்களுக்கிடையிலான வரிச் சிக்கலுக்கு இவ்விளக்கத்தை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. எனினும் ஆணையின்படி தங்குவது வேறு, விரும்பிக் குடியேறுவது வேறு என்னும் வேறுபாட்டை இந்தியச் சட்டம் நூறாண்டுகளாக அறிந்தே வந்துள்ளது என்பதற்கு அது சான்று.

7. அமெரிக்கச் சட்டத்துடன் ஒப்பீடு

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டின் படைவீரர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1942இல் செய்யப்பட்ட திருத்தம், படை ஆணையின்படி ஒரு மாநிலத்தில் இருப்பதாலேயே ஒருவர் வரிக்குரிய வாழிடத்தை இழப்பதோ பெறுவதோ இல்லை என்று விதித்தது. லூசியானாவைச் சேர்ந்த வான்படை அதிகாரி ஒருவர் டென்வர் நகரில் தங்கியிருந்தபோது அவருடைய வீட்டுப் பொருள்கள்மீது விதிக்கப்பட்ட வரியைக் குறித்த டாமெரான் எதிர் பிராட்ஹெட் வழக்கில் (1953), அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இப்பாதுகாப்பை உறுதிசெய்தது. 2003ஆம் ஆண்டின் மறுவடிவச் சட்டம் இரண்டையும் தெளிவாகக் கூறுகிறது: வீரரின் வாழிடம் மாறாது, அவருடைய படைச்சம்பளம் பணியமர்த்தப்பட்ட மாநிலத்தில் தோன்றியதாகவும் கொள்ளப்படாது. முன்னர்க் குறித்த இரு பூட்டுகளுக்கும் அங்கு தனித்தனிச் சாவிகள் உள்ளன.

துணைவர்க்கு அப்பாதுகாப்புக் கிட்ட மேலும் காலம் ஆயிற்று. 2009ஆம் ஆண்டின் சட்டம், வீரருடன் வாழ்வதற்காக மட்டும் ஒரு மாநிலத்துக்கு வந்த துணைவரின் உழைப்பு வருமானத்துக்கும் அதே பாதுகாப்பை அளித்தது. 2018இலும், 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற சட்டத்தாலும் இது விரிவடைந்து, வீரரின் வாழிடம், துணைவரின் வாழிடம், பணியிடம் ஆகியவற்றுள் ஒன்றை இணையர் தெரிவு செய்யும் நிலை உருவானது. வீரருக்கு 1942இல் கிடைத்த உரிமை துணைவருக்கு 67 ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. இந்தியத் தேர்தல் சட்டத்தில் 1950க்கும் 2021க்கும் இடையிலான காலத்தை இதனோடு ஒப்பிட்டால், இரு நாடுகளிலும் துணைவரைச் சட்டம் காலம் தாழ்த்தியே கண்டுகொண்டது புலனாகும்.

8. செய்யத்தக்க திருத்தம்

அமெரிக்க முறையை அப்படியே கொணர்வது பொருந்தாது. பழங்குடி விலக்கின் நோக்கம் அப்பகுதிகளின் பொருளாதாரத்தைக் காப்பது. ஆகவே தாம்பரத்தில் ஆற்றிய பணிக்கான சம்பளத்துக்கும் விலக்குக் கோருவது ரிம்பாய் தீர்ப்பின் நோக்கோடு இயையாது. மூலம் பற்றிய பூட்டு இருக்கட்டும். வசிப்பு பற்றிய பூட்டுக்கு மட்டும் சாவி போதும். ‘படைப்பணியின் பொருட்டு வேறிடத்தில் தங்கியிருப்பவரும், அவருடன் வாழும் பொருட்டுத் தங்கியிருக்கும் துணைவரும், அப்பணி இல்லையெனில் எப்பகுதியில் வசித்திருப்பாரோ அப்பகுதியில் வசிப்பவராகக் கருதப்படுவர்’ என்னும் பொருளில் ஒரு விளக்கத்தை விலக்குக்குரிய அட்டவணையில் சேர்ப்பது போதுமானது. துணைவரின் வசிப்பு அவரது சொந்தப் பகுதியைக் கொண்டு தீர்மானிக்கப்பட வேண்டுமேயன்றி, வீரரின் ஊரைக் கொண்டன்று என்பதைச் சிக்கிம் தீர்ப்பு கற்பிக்கிறது. அதுபோலவே ஆறாம் பிரிவின் 182 நாள் சலுகை, வேலைக்காகச் செல்லும் அரசுப் பணியாளருடன் செல்லும் துணைவருக்கும் நீட்டிக்கப்படலாம்.

இதற்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, வரி தவிர்க்க எவரும் தமக்கு உகந்த ஊரைச் சொல்வர் என்பது. படையினரின் சொந்த ஊர் பணிப்பதிவேட்டில் பணியேற்கும்போதே பதிவாகிறது. பழங்குடித் தகுதிக்கும் சான்று தேவை. தேர்தல் சட்டத்தின் உறுதிமொழி முறையும் முன்மாதிரியாக உள்ளது. இரண்டாவது, வருவாய் இழப்பு. சம்பளம் விலக்குக்கு வெளியே நிற்பதால் இழப்பு ஊர் வருமானத்துக்கும் பங்காதாயம், கடன்பத்திர வட்டி ஆகியவற்றுக்கும் உட்பட்டதே. அவ்வீரர் ஊரிலேயே தங்கியிருந்தால் அவற்றுக்கு வரி வந்திராது.

முடிவுரை

இந்தியாவில் மாநில வருமான வரி இல்லை என்பதால் படைத்துறை இணையரின் வசிப்பிடச் சிக்கல் முற்றும் நீங்கிவிடவில்லை. தாம்பரத்துக்கு மாற்றலாகி வரும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தொழில் வரியளவில் சுருங்கி நிற்கிறது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் லடாக்கிலிருந்தும் வரும் பழங்குடி இணையர்க்கோ அது ஊரிலுள்ள சொத்தின் வருமானத்தைத் தொடுகிறது. வாக்களிக்கும்போது ஒருவரைக் கோஹிமாவினராகக் கொள்ளும் அரசு, வரி கேட்கும்போது மட்டும் அவரைச் சேலையூரினராகக் கொள்ள இடமிருக்கிறது. ஆணையிட்டு இடம் மாற்றியதும் அதே அரசுதான். தேர்தல் சட்டத்தில் ‘மனைவி’ என்னும் ஒரு சொல் ‘துணைவர்’ என மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. வரிச் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்க்க அத்தனைக் காலம் தேவைப்படக் கூடாது. புதிய சட்டம் விலக்குகளை அட்டவணைகளாக வகைப்படுத்தியுள்ள இக்காலம் அதற்கு ஏற்றது. பணியிட மாற்றம் குடும்பங்களின் வரிநிலையை எவ்வாறு மாற்றியது என்பதைப் படைத்தளங்களை ஒட்டிக் கள ஆய்வாக மேற்கொள்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.